அவள் போன பின்னும்

“மருமவளை அனுப்பி நாலு நாளாச்சு. அது இன்னும் போகலைங்க” என்றாள் ஷம்சாத், குரலைத் தாழ்த்தி.

மாத்திரைப் பையோடு வந்திருந்த காசநோய்ப் பிரிவு ஊழியை மீனாவுக்குப் புரியவில்லை. “எதும்மா?”

ஷம்சாத் கழிவறைக் கதவைத் தள்ளினாள். வெள்ளைப் பீங்கானில் செங்காவித் துளிகள். இன்னும் ஈரம் காயவில்லை.

“மருமவ சுமையா இங்க இருந்தப்ப தினமும் இப்படித்தான். கேட்டா, ‘எனக்குக் கர்ப்பப்பையில டிபி மாமி. மூணு நாள் விடியக்காலை மூத்திரத்தை டெஸ்ட் பண்ணிக் கண்டுபிடிச்சாங்க. மாத்திரை சாப்பிட்டா செவப்பாத்தான் போவும்’னா. அஞ்சு வருஷமா புள்ளை இல்லாததுக்கும் அதான் காரணமாம். சீர்காழிக்கு அவ அம்மா வீட்டுக்கே அனுப்பிட்டேன்.”

“ஆறு மாசம் மருந்து சாப்பிட்டா குணமாயிடும்மா.”

“நோய்னா ஆளோட போவணும்ல? நேத்து நானே தேய்ச்சுக் கழுவினேன். ஓதின தண்ணியை வீடு பூரா தெளிச்சேன். விடியக்காலை சுபுஹு தொழுகைக்கு எழுந்து பாத்தா, மறுபடி செவப்பு!”

அவள் கதவை இழுத்துச் சாத்தினாள்.

“மவன் அப்சர்கிட்ட காட்டினேன். முகம் வெளிறிப் போயி உள்ள போயிட்டான். பாவம், பயந்துட்டான். அவ என்னமோ ஏவி விட்டுட்டுப் போயிருக்காங்க. வெள்ளிக்கிழமை ஜமாத்துல பேசி அவளை அத்து விட்டாத்தான் இந்த வீடு தேறும்.”

“அவசரப்படாதீங்கம்மா.”

“நீங்கதானே அவளுக்கு மாத்திரை குடுக்கறது? அவ எப்படிப்பட்டவன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“நோயாளிங்களைப் பத்தி நாங்க வெளிய பேசக் கூடாதும்மா.”

“நல்லா மூடி மறைங்க. அவதான் இங்க இல்லையே, பையைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க.”

மீனா நகரவில்லை. அறைக்குள்ளிருந்த அப்சர் மெல்ல வெளியே வந்து, பைக்காகக் கையை நீட்டினான்.

“உனக்கு எதுக்குடா அது?”

“டிபி எனக்குத்தான்ம்மா. புள்ளை இல்லாததும் என்னாலதான்.”

ஷம்சாத் கழிவறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“நாலு பேர் என்னைப் பாத்துச் சிரிக்கக் கூடாதுன்னு அவ தனக்குன்னு சொன்னா. நானும் வாயை மூடிக்கிட்டு, பஸ் ஏத்தி விட்டுட்டு வந்தேன்.”

“அப்பவும் அவ ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னா. பஸ் கெளம்பறப்ப, ‘மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூட விட்டுடாதீங்க’ன்னா.”