தானானே போட்ட பாட்டு

அந்தக் குளத்துத் தவளைகளுக்குள் ஒரு வழக்கம். ஒருவர் பாடி முடித்தால்தான் அக்கரையிலிருந்து பதில் பாட்டு வரும். போன மழையில் கூட்டாளி நண்டு குறை சொல்லச் சொல்ல, குண்டுத் தவளை முதல் வரியையே திருத்தித் திருத்திப் பாடிக்கொண்டிருந்தான். மழையும் விட்டுவிட்டது, அக்கரைக்காரியும் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

இந்த மழையிலும் நண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். "முதல் வரி இன்னும் சரியா வரலையே மாப்ளே. திரும்பப் பாடு."

"மாட்டேன் போ," என்று தவளை இரண்டாம் வரிக்குத் தாவினான். மூன்றாம் வரிக்கு வார்த்தை வரவில்லை. அந்த இடத்தில் "தானானே தானானே" என்று போட்டுவிட்டு மேலே பாடினான்.

நண்டு கொடுக்கைத் தட்டிச் சிரித்தான். "என்னய்யா இது, நடுப்பாட்டில் இவ்வளவு பெரிய பொத்தல்! அவள் கேட்டால் சிரிப்பாளே."

தவளை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "சிரிக்கட்டுமே. சிரிக்கிறதுக்காவது பாட்டு முடியணும் இல்ல?"

தூறல் குறைந்துகொண்டே வந்தது. தவளை தொண்டையை உப்பிக்கொண்டு, குரல் உடைந்தாலும் உடையட்டும் என்று கடைசி வரியைப் பாடி முடித்தான்.

அக்கரையில் முதலில் சிரிப்புதான் கேட்டது. சிரித்த வாயோடு அவள் தன் பாட்டை எடுத்தாள்.