காய்ச்சல் வந்த மாலை

எழுந்திரு சோம்பேறி. கேசரி கொடுத்தேன், பால்கோவா கொடுத்தேன். இன்னும் எத்தனை நாள்தான் என் எலும்புக்குள் தூங்குவாய்?

பூங்கோதை தன் கணுக்காலில் இருந்த கிருமியிடம் மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தாள். பட்டினி கிடந்து உறங்கும் கிருமியை எந்த மருந்தும் கொல்லாது. தின்று விழித்தால்தான் மருந்துக்குச் சாகும். விழித்ததற்கு அடையாளம் காய்ச்சல். அதற்கென்றே டாக்டர் ஒரு சர்க்கரை எழுதிக் கொடுத்திருந்தார். இந்த வாரம் விழிக்காவிட்டால் பாதத்தை எடுத்துவிடுவார்கள்.

அந்தச் சர்க்கரையில் பக்கத்து வீட்டு மெஹருன்னிசா தினமும் ஏதாவது கிண்டி எடுத்து வருவாள். இன்று அல்வா.

"என்னடி, உன் கிருமி மாசமா இருக்கா? இம்புட்டுத் திங்குது!"

சிரிக்கும்போதே பூங்கோதைக்குக் குளிரெடுத்தது. பற்கள் அடித்துக்கொண்டன. கணவன் தவமணி தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"நூத்திரெண்டு! முழிச்சிருச்சு!"

மெஹருன்னிசா அல்வாவைத் தவமணியின் வாயில் திணித்தாள். எதிர்வீட்டுக்காரர்கள்கூட வாசலில் வந்து கைதட்டினார்கள். டாக்டர் அனுப்பிய நர்ஸ் வந்து கிருமியைக் கொல்லும் ஊசியைப் போட்டுவிட்டு, "இனி அது தப்பாதுக்கா" என்றாள்.

எல்லோரும் போனபின் பூங்கோதை கண்களை மூடினாள். மூன்று வருடமாக மரத்துக் கிடந்த பாதம் விரல் விரலாக வலித்தது. ஒவ்வொரு விரலும் தன்னுடையது என்று அவளுக்குத் தோன்றியது.

தவமணி காய்ச்சல் மாத்திரையோடு வந்து உட்கார்ந்தான்.

"ஊசிதான் போட்டாச்சே. இதைப் போட்டுக்க கோதை. நீ நடுங்குறதப் பாக்க முடியல."

அவள் அவன் கையை மாத்திரையோடு மெல்ல மூடினாள்.

"இருக்கட்டுங்க. நல்லாத்தான் இருக்கு."