தொப்பி யார் தலையில்

தொப்பியைக் கழற்றி அண்ணன் தலையில் நானே மாட்டிவிட்டேன்.

“ஒப்படைச்சாச்சு,” என்றேன்.

“வாங்கியாச்சு,” என்றான், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு நெற்றியைத் தடவிக்கொண்டு, “என்ன இது, இந்த இறுக்கு இறுக்குது?” என்றான்.

இறுக்காமல் என்ன செய்யும்? என் தலை அளவு பார்த்து அவனே வாங்கி வந்தது அது.

தீவுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. அந்தச் சிவப்புத் தொப்பி என் தலையை விட்டு இறங்கியது அதுதான் முதல் தடவை.

அண்ணன் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. விடுமுறைக்கு வந்தாலும் விதிமுறையை விடமாட்டான். இந்த விடுதியின் நீச்சல் குளத்தில் காவலுக்கு ஆள் கிடையாது, பிள்ளைகளுக்குப் பெற்றோரே பொறுப்பு என்று ஒரு பலகை மட்டும் இருக்கிறது. அதைப் படித்தவன் வந்த அன்றே எங்களை வரிசையாக நிற்க வைத்து வகுப்பெடுத்தான்.

எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தமாம். ஆகவே தொப்பி யார் தலையில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. அவர் கைப்பேசியைத் தொடக்கூடாது, கண்ணயரக்கூடாது. தொப்பியைக் கைமாற்றும்போது வாயால் சொல்லிக் கைமாற்ற வேண்டும், தொழிற்சாலையில் ஷிப்ட் மாறுகிற மாதிரி.

நல்ல விதிதான். நான் குறை சொல்லமாட்டேன். ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று முறையும் போட்டான். அந்த முறை மட்டும் என்னோடு நின்றுபோயிற்று.

“உனக்கென்ன, குழந்தையா குட்டியா? சும்மாத்தானே உக்காந்திருக்க,” என்றாள் அண்ணி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பிள்ளை பிறக்கவில்லை என்று எட்டாவது வருடம் புகுந்த வீடு என்னைத் திருப்பி அனுப்பியது. எங்களோடு வா, மனதுக்கு மாறுதலாக இருக்கும் என்று அண்ணன் கூப்பிட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அசடு நான். எதற்காகக் கூப்பிட்டார்கள் என்பது தொப்பியைக் கொடுத்த பிறகுதான் மண்டையில் ஏறியது.

ஆனாலும் பார்த்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு வெயில் களிம்பு தேய்த்தது நான், கைமிதவைக்குக் காற்று ஊதியது நான். சின்னவளுக்கு நாலு வயது. “அத்தே, பாரேன்” என்று நாளைக்கு நூறு தடவை கூப்பிடுவாள். நூறு தடவையும் பார்த்தேன்.

அன்று பத்தே பத்து நிமிடம் கேட்டேன். கடலில் கால் நனைக்க வேண்டும். நாற்பது அடி தள்ளித்தான் கடல். நாலு நாளாக இரைந்துகொண்டே இருக்கிறது, ஒரு அலையை நான் தொடவில்லை.

பெரியவன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணி குடை நிழலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். சின்னவள் மிதவையைக் கழற்றிவிட்டுக் குளத்தின் மேல்படியில் உட்கார்ந்து வாளியில் தண்ணீர் மொண்டு கொட்டிக்கொண்டிருந்தாள்.

மணலில் செருப்பைக் கழற்றினேன். கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நாலு நாள் பழக்கம், வேறொன்றுமில்லை.

படியில் அவள் இல்லை. வாளி மட்டும் மிதந்தது.

வாளிக்கு அப்பால் தண்ணீரில் அவள் தலைமுடி தெரிந்தது. கையை அடிக்கவில்லை, கத்தவில்லை. சமர்த்துப் பிள்ளையாக முழுகிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் தொப்பியும் தலையுமாகக் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைப்பேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

“அண்ணா!” என்று கத்தினேன். எப்படி ஓடினேன் என்று கேட்டால் தெரியாது. உடுத்திய துணியோடு குதித்தேன். அவளை அள்ளித் தூக்கி, கரையில் கிடத்தி, ஒருபக்கமாகப் புரட்டினேன்.

ஒன்றுமில்லை. ஒன்றுமேயில்லை. என் உயிர் என்னிடம் இல்லை.

பிறகு இருமினாள். தண்ணீராகக் கக்கினாள். ஓவென்று அழுதாள்.

“அழுடி தங்கம், நல்லா அழு,” என்று நானும் சேர்ந்து அழுதேன்.

அண்ணி துண்டும் கையுமாக அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் பின்னாலேயே அண்ணன்.

“தொப்பி யார்கிட்ட இருந்துச்சு?”

கேட்டது அண்ணன். விபத்து நடந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று வந்த அன்றே சொல்லியிருந்தான்.

அவன் தலையைப் பார்த்தேன். தொப்பி இல்லை. அவன் கை என் நாற்காலியைக் காட்டியது. அங்கே என் பைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் யோக்கியமாக உட்கார்ந்திருந்தது தொப்பி.

நான் தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் இருந்திருப்பேன்? அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடத்தில் பெற்ற தகப்பன் பார்த்த வேலை அது.

“அண்ணா, நான் உன்கிட்ட சொல்லித்தானே...” என்று ஆரம்பித்தேன்.

“பெத்திருந்தா தெரியும்,” என்றாள் அண்ணி.

சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். நானும் பார்த்தேன். அவன் நெற்றியில் இந்தக் காதோரத்திலிருந்து அந்தக் காதோரம்வரை, தொப்பியின் விளிம்பு அழுந்திய தடம், கோடு இழுத்த மாதிரி பதிந்து கிடந்தது.

அண்ணி அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

சின்னவள் என் மடியில் பல் கிடுகிடுக்க நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று கொண்டுவந்த துண்டு அண்ணியின் கையிலேயே இருந்தது.

அதை விரித்து அண்ணன் தலையில் போட்டாள். நெற்றி மறையும்வரை இழுத்துவிட்டாள்.

“வெயில்ல நிக்காதீங்க,” என்றாள்.