யதுஷாவுக்கு மட்டும் மூன்று

"இன்னும் ரெண்டு வைக்கிறன் பிள்ளை. வெக்கப்படாமல் சாப்பிடும்."

நாகேஸ்வரி ரூபிகாவின் தட்டில் இடியப்பம் வைத்துச் சொதியும் ஊற்றினார். பக்கத்தில் யதுஷா தன் தட்டை நீட்டினாள்.

"உமக்கு மூண்டு போதும்."

இடியப்பம் அடுப்படிக்குத் திரும்பிப் போனது.

வெள்ளவத்தையில் நாகேஸ்வரியின் வீட்டில் தங்கிப் படிக்கும் கம்பஸ் பிள்ளைகள் இருவரும் கட்டுவது ஒரே காசுதான். யதுஷா கொஞ்சம் சாப்பாட்டுப் பிரியை, உடம்பும் அதற்கேற்றபடி. அதற்காக இப்படியா? இரண்டாம் தரம் வற்புறுத்திப் பரிமாறாவிட்டால் ஊரே கதைக்கும் யாழ்ப்பாணத்தில் பிறந்த மனிசி!

"அன்ரி, கம்பஸில எங்கட ரத்தம் எடுத்து ஆராய்ச்சி செய்தவை எல்லே? உடம்பு கூடின ஆக்களுக்கு உள்ளுக்குள்ள அழற்சி இருக்காம். எங்கட பாட்ச் கஜீவனுக்குக் கட்டாயம் இருக்கும். அந்த வண்டி வயித்தைப் பாத்தாலே தெரியும்!"

சொல்லிவிட்டு ரூபிகா விழுந்து விழுந்து சிரித்தாள். யதுஷாவும் சேர்ந்து சிரித்தாள். பிறகு எழுந்து கை கழுவப் போனாள்.

யதுஷாவின் வெறுந்தட்டைப் பார்த்ததும் ரூபிகாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவள் கூடச் சாப்பிட்டிடுவாள் எண்டுதானே தூக்கிக்கொண்டு போறியள்? இவ்வளவு கஞ்சப்பிசினாரியா இருக்கிறியளே அன்ரி!"

நாகேஸ்வரி தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு நடந்தார்.

"நான் கிருலப்பனையில வேற அறை பாத்திட்டன். இந்த மாதத்தோட போறன். இஞ்ச ஒருத்தரும் வரக்கூடாது எண்டு பாட்ச் முழுக்கச் சொல்லுவன்."

அறைக் கதவு படாரென்று மூடிக்கொண்டது.

யதுஷா அடுப்படிக்கு ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நான் போய் உண்மையைச் சொல்லுறன் அன்ரி. அழற்சி கூடுதலா இருக்கு, எடையைக் குறை எண்டு டொக்டர் சொன்னது எனக்குத்தான். 'நான் கேட்டாலும் தராதேங்கோ' எண்டு உங்களிட்டச் சொன்னதும் நான்தான்."

"பேசாமல் இரும் பிள்ளை."

"அவள் போனால் அறை சும்மா கிடக்குமே. உங்களுக்கும் கெட்ட பேர்."

நாகேஸ்வரி மிஞ்சிய இடியப்பத்தை மூடி வைத்தார்.

"கஜீவனைச் சொல்லி அவள் சிரிச்சதைப் பாத்தனீர்தானே? என்னைக் கஞ்சப்பிசினாரி எண்டு ஊரெல்லாம் சொல்லட்டும். உம்மைச் சொல்லி ஒருத்தரும் அப்பிடிச் சிரிக்கக்கூடாது."