தசமியில் கைமாறிய கார்

இந்தத் தடவை அவரை யாரும் அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொல்லவில்லை.

பதினோரு தடவை வந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று. சர்வர் இல்லை. ஆபீசர் கேம்ப் போயிருக்கிறார். ஃபைல் மேலே போயிருக்கிறது. ஃபைல் கீழே வந்துவிட்டது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை.

பையில் ஆதார் நகல் மட்டும் ஆறு இருந்தது.

"உட்காருங்க சார்" என்றாள் அந்த செக்‌ஷன் பெண்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒருவர் அவரை உட்காரச் சொன்னது அதுதான் முதல் முறை. அதற்கே கண் கலங்கிவிடும்போல இருந்தது. சே, என்ன மனுஷன் நான் என்று நினைத்துக்கொண்டார்.

காரை விற்று எட்டு மாதம்.

வாங்கியவன் லோகநாதன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்தான், சாவியை வாங்கி ஓட்டிக்கொண்டு போனான். மறுநாள் தாராபுரம் ரோட்டில் அந்தக் கார் ஒரு சைக்கிளை அடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. சைக்கிளில் வந்தவர் மில் தொழிலாளி. பிழைக்கவில்லை.

கேமராவில் நம்பர் விழுந்திருந்தது. நம்பர் இன்னும் இவர் பேரில்.

ஐந்து மாதம் முன்பு ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். "ஞாயித்துக்கிழமைதான் சார் வண்டிய எடுத்தேன், பேப்பரைப் பாருங்க" என்று அங்கே சொல்லியிருந்தான் லோகநாதன். வாய் கூசாமல்.

இவரும் பேப்பரைத்தான் பார்க்கச் சொன்னார். பேப்பர் இவரிடம் இல்லை. விற்ற அன்றே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு, மொத்தமாக அவனிடமே கொடுத்துவிட்டார். பேர் மாற்ற அவன் கொடுத்த விண்ணப்பத்தோடு அது இந்த ஆபீசில் எங்கோ கிடந்தது. ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கலாம். எடுக்கவில்லை. மடத்தனம்.

தெருவில் பார்த்தவர்களின் சாட்சி வேண்டாம், வண்டியை ஒப்படைத்ததாக எழுதிய டெலிவரி நோட் வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். இன்று நான்கு மணிக்குள் வராவிட்டால், சனிக்கிழமை வண்டியை ஓட்டியது நீங்கள்தான் என்று எழுதிவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார்.

கேஸ் விவரமெல்லாம் கேட்டுக்கொண்ட அந்தப் பெண் பழுப்பு உறையைப் பிரித்து, கடைசித் தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் எழுத்துதான். முத்து முத்தாக இருந்தது. கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷம் எழுதிய கை.

'இன்று ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு வாகனம் ஒப்படைக்கப்பட்டது. இந்த நேரம் முதல் எல்லா வழக்குகளுக்கும் வாங்குபவரே பொறுப்பு.'

ஞாயிற்றுக்கிழமை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"யார் சார் ஞாயித்துக்கிழமைன்னு போட்டது?"

"நான்தாம்மா."

"ஏன்?"



"வெள்ளிக்கிழமை அஷ்டமி. சனி நவமி. அந்தப் பையன் முதமுதலா கார் வாங்குறான். நல்லபடியா ஓடட்டுமேன்னு..."

சுத்தமாக மறந்து போயிருந்தார். லோகநாதன் அன்று நாள் நட்சத்திரம் பற்றி வாயே திறக்கவில்லை. காலண்டரைப் பார்த்தது இவர். வண்டியை இப்பவே எடுத்துக்குங்க, தசமியில எடுத்ததா எழுதிக்கலாம் என்றதும் இவர். அவன் தலையாட்டினான். வாசல்வரை போய்க் கையசைத்து வழியனுப்பினார்.

அந்தப் பெண் தாளை இன்னொரு தடவை பார்த்தாள்.

"நானா இருந்தாலும் அப்படித்தான் சார் போட்டிருப்பேன்."

பிறகு எழுந்தாள்.

"டீ குடிச்சிட்டு வர்றேன். பத்து நிமிஷம் ஆகும்."

தன் பேனாவைத் திறந்தபடியே ஃபைல் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அதே நீல மை.

ஒரு கிழமையை அடித்து இன்னொன்றை எழுத வேண்டும். அவ்வளவுதான். அதுவும் பொய்யில்லையே! வெள்ளிக்கிழமைதானே வண்டி போனது. எழுதியிருப்பதுதான் பொய்.

பேனாவை எடுத்தார்.

சங்கத்தில் இருந்தவரை, ஓர் எண்ணைத் திருத்தினால்கூட பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போடாமல் விட்டதில்லை. இதில் இரண்டு பேர் போட வேண்டும். லோகநாதனுடையதையும் இவரே போட்டுவிடலாமா?

கடவுளே, இந்த வயசில் என்னை ஏன் இங்கே கொண்டுவந்து நிறுத்தினாய்?

எழுதவில்லை. பாதி பயம், பாதி பழக்கம். பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

அவள் வந்தாள். தாளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். நகல் எடுத்து, முத்திரை குத்தி, ஆபீசரிடம் கையெழுத்து வாங்கிவந்து நீட்டினாள்.

"பாத்துப் போங்க சார்."

வெளியே நல்ல வெயில். படியிறங்கும்போது போன் அடித்தது. மனைவி.

"கெடச்சிருச்சுங்களா?"

"கெடச்சிருச்சு."

"அப்பாடா!" அவள் குரல் உடைந்தது. "அஞ்சு மாசமா எனக்கு உசுரே இல்லைங்க. இன்னைக்குத்தான் வாயில சோறு எறங்கும். சட்டுனு வாங்க, ஒண்ணா சாப்பிடலாம்."

மணி மூன்று ஆகப்போகிறது. நான்கு மணிக்குள் ஸ்டேஷன் போய்ச் சேர ஒரே பஸ்தான்.

நகலை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"நீ சாப்பிடு" என்றார். "நான் வர நேரமாகும்."