இரண்டாவது பாத்திரம்

'இந்த அமைப்போடு உங்களுக்கு முன்பு ஏதாவது தொடர்பு உண்டா?'

ஃபார்மில் கேள்வி தெளிவாகத்தான் இருந்தது. நெடுஞ்செழியன் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது.

"முடிச்சிட்டீங்களா அங்கிள்? நான் காலையிலேயே ஃபில் பண்ணிட்டேன்" என்றாள் காரை ஓட்டிக்கொண்டிருந்த வான்மதி.

இருவரும் அமெரிக்காவில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வாசிகள். கறுப்பினத்தவர் நடத்தும் சேவை அமைப்புகளுக்கு உள்ளூர் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் வருடா வருடம் கிராண்ட் என்று நிதியுதவி தருகிறது. அமைப்புகளை நேரில் போய்ப் பார்த்து ரிப்போர்ட் கொடுத்து, கிராண்ட் கமிட்டியில் ஓட்டும் போடும் வாலண்டியர்கள் இவர்கள். இன்று மிஸ் எர்லின் நடத்தும் சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகிறார்கள். கிராண்ட் கிடைக்காவிட்டால் டிசம்பரோடு அது மூடப்படும்.

அது நடக்கும் சர்ச் பேஸ்மென்ட்டுக்கு எத்தனை படி என்றுகூட நெடுஞ்செழியனுக்குத் தெரியும். பதினொன்று.

அது 2002. கன்சல்டன்சிக்காரன் புராஜெக்ட் இல்லையென்று அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துச் சம்பளத்தை நிறுத்தியிருந்தான். ஊரிலோ கலாவதியோடு நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. 'மாப்பிள்ளைக்கு அமெரிக்காவுல பெரிய புராஜெக்ட்டாம்' என்று கோபிசெட்டிபாளையம் முழுக்கப் பேச்சு. மாப்பிள்ளை நான்கு மாதம், சனிக்கிழமை தவறாமல், அந்தப் படிகளில் வரிசையில் நின்றார்.

பசித்த நாட்கள்தான். ஆனாலும் என்ன நாட்கள் அவை! இரண்டு படி இறங்கினாலே வெந்த தட்டப்பயறு வாசம் வரும். ஓர் ஓரத்தில் ரேடியோ பாடும். அதையும் மீறி மிஸ் எர்லினின் சிரிப்பு கேட்கும். அவருக்கு எல்லோருமே 'ஹனி'தான். பிறகு நெடுஞ்செழியன் எத்தனையோ பெரிய ஓட்டல்களில் சாப்பிட்டுவிட்டார். அந்தச் சோற்றுக்கு எதுவும் ஈடாகவில்லை.

வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, கிரீன் கார்டும் வந்தது. பத்து மைல் தூரம்தான், ஒருநாளும் திரும்பி வரவில்லை. கலாவதியிடம்கூட மூச்சு விடவில்லை. இப்போது வான்மதிக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் தமிழ்ச் சங்கத்துக்கே தெரிந்துவிடும்.

'உண்டுன்னு போட்டா என்னை விலக்கிடுவாங்க. அந்தம்மாவுக்கு ஒரு ஓட்டு போயிடுமே.' மனசுக்கு இப்படி ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பதினோரு படி இறங்கினார்கள். அதே வாசம்.

மிஸ் எர்லினுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் ஊன்றுகோல். நெடுஞ்செழியனைப் பார்த்துப் பொதுவாக ஒரு 'வெல்கம்' சொன்னார். அப்பாடா, அடையாளம் தெரியவில்லை! நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

வான்மதி லேப்டாப்பைத் திறந்தாள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான், நமக்குத் தமிழில்.

"வாரத்துக்கு எத்தனை பேர் சாப்பிடறாங்க?"

"நூறு, நூத்திருபது பேர்."

"பேர் லிஸ்ட் இருக்கா?"

"பேர் கேக்கறதில்லம்மா. கேட்டா பாதிப் பேர் பசியோட திரும்பிப் போயிடுவாங்க."

"அப்ப நான் கமிட்டிக்கு எதைக் காட்டறது?" என்றவளின் கண், பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பாத்திரத்தின் மேல் போனது. "இது என்ன?"

"அதே பயறுதான். பன்றிக்கறி போடாதது."

"கறி வேணாங்கறவங்க நிறைய வர்றாங்களா?"

"சில வாரம் ஒருத்தர். பல வாரம் யாருமே இல்ல."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் தனியா சமைக்கறீங்க? வேஸ்ட்டுனு கமிட்டியில சொல்வாங்களே!"

மிஸ் எர்லின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரொம்ப வருஷம் முன்னாடி ஒருத்தன் வந்தான். வெறும் பிரெட்டைத் தின்னுட்டுப் போனான். அடுத்த வாரமும் அதே பிரெட். வாயைத் திறந்து ஒண்ணும் கேக்கலை. ரோஷக்காரன். மூணாவது வாரம் கறி போடாம தனியா வெச்சேன். மூணு தட்டு சாப்பிட்டான்!" அதே பழைய சிரிப்பு. "அப்புறம் வர்றதை நிறுத்திட்டான். வேலை கிடைச்சிருக்கும்னு சந்தோஷப்பட்டேன். ஆனா அடுத்து வர்றவனும் கேக்க மாட்டானே? அதான் வெச்சுக்கிட்டே இருக்கேன்."

நெடுஞ்செழியன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வான்மதி துள்ளினாள். "சூப்பர்! இதைத்தான் கமிட்டி தேடும். அவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டா போதும், கிராண்ட் உங்களுக்குத்தான். அவர் யாரு, எங்க இருக்கார்னு தெரியுமா?"

மிஸ் எர்லின் ஊன்றுகோலைத் தரையில் ஊன்றி மெதுவாக எழுந்தார்.

"தெரியாதும்மா."

"அப்ப கஷ்டம்தான்" என்று லேப்டாப்பை மூடினாள் வான்மதி.

கிளம்பும்போது ஆளுக்கொரு டப்பா தந்தார். வான்மதியிடம், "உனக்கு எதுலேருந்து வேணும்?" என்று கேட்டு அள்ளினார்.

நெடுஞ்செழியனிடம் கேட்கவில்லை. சின்னப் பாத்திரத்திலிருந்து அள்ளி மூடி, அவர் கையில் வைத்தார்.

"இதுல கறி இல்ல, ஹனி" என்றார், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

கார் வரைக்கும் எப்படி நடந்தார் என்று நெடுஞ்செழியனுக்கே தெரியாது. டப்பாவின் சூடு மடியில் இறங்கியது.

"நல்ல லேடி, பாவம்! அந்த ஒரு ஆளைப் பத்தித் தெரிஞ்சிருந்தா இந்த இடம் தப்பிச்சிருக்கும் அங்கிள்" என்றபடி காரை ஸ்டார்ட் பண்ணப் போனாள் வான்மதி.

நெடுஞ்செழியன் ஃபார்மை எடுத்தார். 'இல்லை' கட்டத்தில் போட்டிருந்த டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டுச் சொன்னார்:

"லேப்டாப்பைத் திறம்மா. அந்த அம்மாவுக்கு என்னைத் தெரியும்."