எது பிராந்தி?

காய்ச்சல் போகும்போது, மது ஆலையில் ருசி பார்ப்பவரின் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூன்று மாதமாக அவர் முதலாளியின் புருவம் எதற்கு ஏறுகிறது என்று பார்த்தே வேலையை ஓட்டிக்கொண்டிருந்தார். இன்று முதலாளி இரண்டு கிளாஸ்களை நீட்டினார்.

“இதுல எதுய்யா பிராந்தி, எது விஸ்கி?”

முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது, இன்றோடு வேலை காலி என்று நினைத்தபடியே முகர்ந்தார். முதலாளியின் புருவம் இடது கிளாஸுக்கு லேசாக ஏறியது.

“இடதுதான் பிராந்தி. திராட்சை வாசம் தூக்குதே. வலதுல தானிய நெடி.”

“நிச்சயமா?”

“முப்பது வருஷ மூக்கு, முதலாளி.”

முதலாளி பீப்பாய்களில் பெயரெழுதி லாரியில் ஏற்றச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டுக் கிசுகிசுத்தார்.

“பீப்பாய்ல ஒட்டியிருந்த பேர்ச்சீட்டெல்லாம் மழையில அழிஞ்சுபோச்சுய்யா. மாத்தி அனுப்பினா ஆலைக்கே பூட்டுதான். உனக்கு வந்த அதே காய்ச்சல்ல எனக்கு வாசனையே தெரியாமப் போயிடுச்சு. நல்லவேளை, உன் மூக்காவது தப்பிச்சுது.”

வெளியே லாரி கிளம்பியது.